“என் வாயிலயும் வேல் குத்துவாங்களா அம்மா?”

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். மொரீஷியசில் அன்று அரசு விடுமுறை. திருவிழாவையே இங்கே எல்லாரும் ‘காவடி’ என்றுதான் சொல்வார்கள். குவாத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகும் பாதையோரம் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயதும் இரண்டு மாதமும். விரதமிருந்தவர்கள் பாற்செம்பு கட்டிய காவடிகளோடு வெயிலில் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களுக்கு வெகு அருகில் நின்று இளைப்பாறினார். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வந்திருந்தது ஒரு வேல். நாக்கில் இன்னொரு சின்ன வேல். மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை.

கேட்டது இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை ராத்திரி. “சனிக்கிழமை உன் பல்லைப் பார்க்க டாக்டரம்மாகிட்ட போகப் போறோம்” என்று சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்து குரல் வந்தது. “என் வாயிலயும் வேல் குத்துவாங்களா அம்மா?”

“இல்லவே இல்லை, ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அதே வார்த்தையை நான்கு வருடம் முன்னால் அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

என் மகன் 2016-இல் பிறந்தான். மூன்று வயது வரை ராத்திரி பால் பாட்டிலோடுதான் தூங்குவான். கொஞ்சம் சர்க்கரை போட்டால் சமர்த்தாகக் குடிப்பான் என்று போட்டுக் கொடுத்தது நான்தான். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும், பால் பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும், அந்த இனிப்பைத் தின்னும் கிருமிகள் விடிய விடிய அமிலம் சுரந்து பல்லை அரிக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கடைவாய்ப் பல்லில் கறுப்பு தெரிந்தபோதும் “பால்பல்தானே, விழுந்து முளைக்கப் போவது” என்று விட்டுவிட்டோம். ஐந்து வயதில் ஒரு ராத்திரி கன்னம் வீங்கி, துடித்துப்போனான். விடிந்ததும் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் நான் சொன்னது, “சும்மா பார்ப்பாங்க, அவ்வளவுதான், வலிக்கவே வலிக்காது.” அன்றைக்கே பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், காலை நான் பிடித்தேன். ஊசி ஏறும்போது அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பிரஷ்ஷை வாய்க்குள் விடவில்லை. அந்தத் தெரு வழியாகப் பேருந்து போனால் உதட்டை இறுக்கிக்கொள்வான். பிடுங்கிய பால் கடைவாய்ப் பல், இயல்பாக விட்டிருந்தால் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்திருக்க வேண்டியது. கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அதுதான் இடம் பிடித்து வைத்திருக்கும். அது போனதும் பின்னால் முளைத்த பல் முன்னுக்குச் சாய்ந்துவிட்டது. பால்பல்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் மனசு பதறும்.

அதனால் மகளுக்கு முதல் பார்வையை வலி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். உண்மையில் அதுவே தாமதம். முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்வது. அந்த வயதில் பல்லைவிட அம்மாவுக்குத்தான் பாடம் அதிகம் என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார். எனக்கு அந்தப் பாடம் எட்டு வருடம் முன்னாலேயே கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முதல் வேலை வீட்டில் இருக்கும் பெரியவர்களின் வாயைக் கட்டுவது. எங்கள் வீட்டில் அத்தையும், அதாவது என் மாமியாரும், பேத்தியும் பேசிக்கொள்வது இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில். சோறு சாப்பிடாவிட்டால், தூங்காவிட்டால், அத்தை எடுக்கும் ஆயுதம் ‘பிகீர்’. ஊசியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “டாக்டர் வந்து பிகீர் போடுவார்” என்றால் மகள் ஓடிவந்து தட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கும்பகோணத்தில் என் பாட்டி செய்ததும் இதேதான், மொழிதான் வேறு. ஒரு நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து பேசினேன். “அத்தை, அவ அண்ணன் பட்டது உங்களுக்குத் தெரியும். இவளுக்கு டாக்டர்னா தண்டனைன்னு பதிய வேண்டாம். பூதம், பூச்சாண்டின்னு வேறு எதை வேணும்னாலும் சொல்லுங்க, இது மட்டும் வேண்டாம்.” அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தன் வாயிலேயே பாதிப் பல் சின்ன வயதில் மரத்துப்போக ஊசியில்லாமல் பிடுங்கியதுதான் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னார். அந்தப் பயம்தான் ‘பிகீர்’ என்று வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. அப்புறம் அந்தச் சொல் வீட்டில் கேட்கவில்லை.

அடுத்தது விளையாட்டு. ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டேன், டாக்டர் பேச்சையே எடுக்காமல். நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், எழுத்துதான் என் வீட்டுப் பொம்மை. கண்ணாடி முன்னால் நின்று ‘ஆ’ சொன்னால் வாய் முழுக்கத் திறக்கிறது, கடைவாய் வரை தெரிகிறது. ‘ஈ’ சொன்னால் உதடு விரிந்து முன்பல் வரிசை பளிச்சென்று தெரிகிறது. “ஆ எழுத்துக்கு எத்தனை பல் தெரியுது? ஈ எழுத்துக்கு எத்தனை?” இதுதான் விளையாட்டு. பால்பல் மொத்தம் 20, மேலே பத்து, கீழே பத்து. அவளுக்கு அதுவரை பத்து வரைதான் எண்ணத் தெரியும். பல்லை வைத்துத்தான் இருபது வரை கற்றுக்கொண்டாள்.

பிறகு சின்ன எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றைக் கண்ணாடி மாதிரி பிடித்து, போன் டார்ச்சை அடித்து, அவள் என் பல்லைப் பார்ப்பாள். நான் ‘ஆ’ என்று படுத்துக்கிடப்பேன். கரடிப் பொம்மைக்கும் பார்ப்போம். முதலில் குழந்தை டாக்டராக இருக்க வேண்டும், அப்புறம்தான் நோயாளி. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். நான்கைந்து நாளில் அவளே “இப்ப எனக்குப் பாரு” என்று என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே இன்னொருவர் முகம் தலைகீழாகத் தெரிவது சின்னக் குழந்தைக்குப் புதுசு. அது வீட்டில் பழகிப்போயிருந்தால் பாதிப் பயம் குறையும். ராத்திரி பல் தேய்ப்பதையும் அப்படியே மடியில் படுக்கவைத்துச் செய்ய ஆரம்பித்தேன். அதில் வேறொரு லாபமும் கிடைத்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கும்போது, ஈறு ஓரத்தில் இரண்டு முன்பல்லிலும் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. சொத்தையின் முதல் அடையாளம் கறுப்பு அல்ல, இந்த வெள்ளைதான். இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஓட்டை விழாமல் தடுத்துவிடலாம். வாரத்துக்கு ஒரு தடவை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

சத்தத்துக்கு ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில் அலூதா குடிக்கப் போயிருந்தோம். பாலில் கடல்பாசியும் சப்ஜா விதையும் போட்ட இனிப்பு பானம். கிளாஸ் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது ஸ்ட்ராவால் உறிஞ்சினால் ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டர் வாயில் வைக்கும் எச்சில் உறிஞ்சும் குழாய்க்கு நான் தேடிக்கொண்டிருந்த பெயர் கிடைத்துவிட்டது. ‘அலூதா குழாய்.’

கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் செய்தேன். இதைச் செய்யாமல் மட்டும் போகாதீர்கள். இந்த ஊரில் அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவம் இலவசம். ஆனால் கூட்டம் இல்லாத நேரமும் ஒரே டாக்டரும் எனக்கு வேண்டியிருந்ததால், காசு கொடுத்துப் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். நான் கேட்டவை இவை: குழந்தைக்கு வலி எதுவும் இல்லை, முதல் தடவை பார்த்து எண்ணி மட்டும் விடுவீர்களா? ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா? நான் கூடவே இருக்கலாமா? நாற்காலியில் உட்கார மறுத்தால் மடியிலேயே பார்ப்பீர்களா? குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை நேரம் கிடைக்குமா? ஒன்றிரண்டுக்குத் தயங்கியிருந்தால்கூட வேறு இடம் தேடியிருப்பேன். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார். “வீட்டில் என்ன சொல்லி எண்ணுவீர்கள்?” என்று அவரே கேட்டார். ஆ, ஈ விளையாட்டைச் சொன்னேன். அலூதா குழாயையும் சொன்னேன்.

மகளிடம் இரண்டு நாள் முன்னால்தான் சொன்னேன். ஒரு வாரம் முன்னால் சொன்னால் அந்த வயதுக் குழந்தை அதையே சுமந்துகொண்டு திரியும். வாசலில் வந்து சொன்னால் ஏமாற்றியதாக ஆகிவிடும். அப்போதுதான் அந்த வேல் கேள்வி வந்தது.

அன்று ராத்திரி அவளிடம் சொன்னது கிட்டத்தட்ட இதுதான். “அந்த மாமா முருகனுக்கு வேண்டிக்கிட்டு, பத்து நாள் விரதம் இருந்து, எனக்கு வேல் குத்துங்கன்னு அவரே கேட்டுக்கிட்டார். அது சாமிக்கு. டாக்டரம்மா வேற. சனிக்கிழமை அவங்க ஒரு குட்டிக் கண்ணாடி வெச்சு உன் பல்லை எண்ணுவாங்க. அவ்வளவுதான் அன்னைக்கு வேலை. வேற எதாவது செய்யணும்னா முதல்ல உன்கிட்ட சொல்லுவாங்க. உனக்கு நிறுத்தணும்னா கையைத் தூக்கு, நிறுத்திடுவாங்க.” போன் செய்து பேசி வைத்திருந்ததால்தான் இவ்வளவையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ‘வலிக்காது’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சொல்லில் ‘காது’ குழந்தைக்குக் கேட்பதில்லை, ‘வலி’ மட்டும்தான் கேட்கிறது. என்றைக்காவது வலித்தால் அம்மா பொய் சொன்னாள் என்றும் ஆகிறது. “பயப்படாதே”யும் அப்படியே.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. இட்லி சாப்பிட்டு, கரடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மகனை அழைத்துப் போகவில்லை. பயமில்லாமல் வாய் திறக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் முன்னால் உட்காரவைத்துக் காட்டுவது ரொம்ப நல்லது. பயந்த பிள்ளையை அழைத்துப் போனால் அவன் முகமே இவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் அந்தப் பெரிய நாற்காலியைப் பார்த்து என் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். டாக்டரம்மா கட்டாயப்படுத்தவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கி முகத்தைக் காட்டினார். முதலில் கரடியை உட்காரவைத்து, நாற்காலியை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். அப்புறம் ஒரு சாதாரண ஸ்டூலை எனக்கு எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார். மகள் என்னைப் பார்த்தபடி என் இடுப்பின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார, மெதுவாகப் பின்னால் சாய்த்ததில் தலை அவர் மடியில், உடம்பு என் மடியில். அவள் கை என் கையில். நிமிர்ந்து பார்த்தால் என் முகம் தெரியும். சின்னக் குழந்தைகளுக்கு நாற்காலியைவிட இது எவ்வளவோ மேல்.

கண்ணாடியை நேரே வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தார், “சில்லுனு இருக்கா?” என்று கிரியோலில் கேட்டார். பிறகு அதை வைத்து அவள் விரல் நகத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். அப்புறம்தான் பல். சொல்வது, காட்டுவது, பிறகு செய்வது. அடெல்ஸ்டன் என்பவர் 1959-இல் எழுதிவைத்த முறை, இன்றைக்கும் குழந்தைப் பல் மருத்துவத்தில் முதல் பாடம் இதுதானாம்.

“ஈஈஈ…” என்றார் டாக்டரம்மா.

மகளின் கண் அகன்றது. அது அவள் எழுத்து. வீட்டு எழுத்து இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வாய் தானாக விரிந்தது. ஏழாவது பல்லில் கையைத் தூக்கினாள். டாக்டரம்மா உடனே கண்ணாடியை வெளியே எடுத்து, கையை விரித்துக் காட்டினார். அவள் கையை இறக்கியதும் மறுபடி ஆரம்பித்தார். பத்தாவது பல்லில் மறுபடி கை. மறுபடி நிறுத்தினார். மூன்றாவது தடவை தூக்கியபோது, நிறுத்துகிறாரா என்று சோதித்துப் பார்க்கத்தான் தூக்கினாள் என்பது எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நிறுத்தினார். அந்த மூன்றாவது நிறுத்தலுக்குப் பிறகு அவள் தோள் தளர்ந்ததை என் தொடையில் உணர்ந்தேன். இருபது வரை கை எழவில்லை.

அந்த நேரம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் கிரியோலில் ஒன்று சொல்ல, அம்மா தமிழில் இன்னொன்று சொல்ல, குழந்தை யார் பேச்சைக் கேட்கும்? ஒரு சமயத்தில் ஒரு குரல்தான் இருக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டுக்கு ஃபுளோரைடு வார்னிஷ், அதாவது பல்லை உறுதியாக்கும் பூச்சு, தடவலாம் என்றார் டாக்டரம்மா. அவளிடமே தூரிகையைக் காட்டி, நகத்தில் ஒரு துளி தடவிக் காட்டிக் கேட்டார். மகள் தலையாட்டி மறுத்துவிட்டாள். “சரி, அடுத்த தடவை” என்றார். எனக்கு உள்ளே ஒரு தவிப்பு, வந்தது வந்தாயிற்று, அரை நிமிட வேலை, பிடித்துக்கொண்டு தடவிவிட்டால் என்ன என்று. ஆனால் எண்ணுவது மட்டும்தான் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது அவளே ‘ஈ’ காட்டித் தடவிக்கொண்டாள். வலியோ வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் இந்தப் பொறுமைக்கெல்லாம் இடமில்லை, அன்றைக்கே பார்த்தாக வேண்டும். வலி வருவதற்கு முன்னால் போனால்தான் பத்து நாள் காத்திருக்கலாம்.

வெளியே வந்ததும் மிட்டாய் வாங்கித்தரவில்லை. “சமர்த்து” என்று பொதுவாகச் சொல்லாமல், “இருபது எண்ணுற வரைக்கும் வாயைத் திறந்து வெச்சிருந்தியே” என்று நடந்ததைச் சொன்னேன். அதை அவள் அப்பாவிடம், பாட்டியிடம், பக்கத்து வீட்டில் எல்லாரிடமும் திருப்பிச் சொன்னாள்.

வீட்டில் சில பழக்கங்கள் மாறின. ராத்திரிப் பால் பல் தேய்ப்பதற்கு முன்னால், கிளாஸில், சர்க்கரை இல்லாமல். மூன்று வயது வரை அரிசி மணி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு, ஃபுளோரைடு உள்ளதாக. தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். ஏழெட்டு வயது வரை நாம்தான் தேய்த்துவிட வேண்டும், பிள்ளை தேய்ப்பது பழகிக்கொள்ள மட்டும். இனிப்பில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. அத்தை வாங்கிவரும் நாப்பொலித்தேன், அந்த ரோஸ் கலர் சர்க்கரை பூசிய கேக், இப்போது மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். முன்பெல்லாம் பிய்த்துப் பிய்த்து சாயங்காலம் வரை ஓடும். வெல்லமும் கருப்பட்டியும் பல்லுக்குச் சர்க்கரைதான், இதில் நம்மவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறோம். இன்னொன்று, ஆறு வயதை ஒட்டிக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய பல் முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறோம். அது சாகும் வரைக்குமான பல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கரடிக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தாள். கரடியின் கையைத் தானே தூக்கி, தானே நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். கதவோரம் மகன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயசு. அந்தப் பெரிய கடைவாய்ப் பற்களின் மேலுள்ள பள்ளங்களைச் சொத்தை வருவதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும், ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

“கையைத் தூக்கினா நிஜமாவே நிறுத்தினாங்களாம்மா?”

“மூணு தடவை நிறுத்தினாங்கடா.”

“சும்மா தூக்கினாகூடவா?”

“சும்மா தூக்கினாகூட.”

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ராத்திரி பல் தேய்த்துவிட்டு வந்து, “எனக்கு எந்தக் கிழமை?” என்று கேட்டான்.